எள் விளைச்சலைச் செடியின் வளர்ச்சியைக் கொண்டு முன்கணிப்பது: என் சமன்பாடு வயலில் ஏன் பொய்த்தது?

ஓடம்போக்கி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் உழவியல் முதுநிலை இறுதியாண்டு மாணவி. திருவாரூருக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்குச் சிறிது நிலம் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்தவுடன், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பித் தை மாதக் கடைசியில் எள் விதைப்பது எங்கள் பக்கத்தில் நெடுநாளைய வழக்கம். அறுவடைக்கு முன்பே, செடியின் வளர்ச்சியை அளந்து, ஏக்கருக்கு எத்தனை கிலோ எள் கிடைக்கும் என்று சொல்ல முடியுமானால், களத்துக்கு ஆள் பேசுவதிலிருந்து விற்பனைக்கூடத்துக்கு எப்போது கொண்டுபோவது என்பது வரை பலவற்றைத் திட்டமிடலாம் என்ற எண்ணத்தில் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதல் ஆண்டில் மூன்று வயல்களில் 120 செடிகளுக்கு அட்டை கட்டினேன். ஒவ்வொரு செடியிலும் உயரம், கிளைகளின் எண்ணிக்கை, காய்களின் எண்ணிக்கை, காயின் நீளம், காய்க்கு எத்தனை விதை, ஆயிரம் விதையின் எடை ஆகியவற்றை அறுவடையின்போது அளந்து, அந்தச் செடி கொடுத்த எள்ளையும் தனியாக நிறுத்தேன். இவை அனைத்தையும் சேர்த்துப் பன்மாறித் தொடர்புப்போக்கு, அதாவது வகுப்பில் ரிக்ரெஷன் என்று நாம் சொல்வது, போட்டுப் பார்த்தபோது ஆர்-ஸ்கொயர், அதாவது விளைச்சலின் ஏற்ற இறக்கத்தில் சமன்பாடு விளக்கும் பங்கு, 0.93 வந்தது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு அதே சமன்பாட்டை என் மாமாவின் வயலுக்குப் பயன்படுத்தினேன். அட்டை கட்டிய செடிகளுக்குச் சராசரியாகச் செடிக்கு 10 கிராம் என்று வந்தது. சதுர மீட்டருக்கு 11 செடி என்ற பரிந்துரைக் கணக்கால் பெருக்கி, ஏக்கருக்கு ஏறத்தாழ 445 கிலோ கிடைக்கும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். களத்தில் தூற்றி நிறுத்தபோது 210 கிலோதான் இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் என் பேச்சை நம்பி முன்பணம் வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஆய்வேட்டை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. உயரத்துக்கும் விளைச்சலுக்கும் தனியாக ஒட்டுறவு, அதாவது கோரிலேஷன், பார்த்தால் நல்ல நேர்த்தொடர்பு தெரிகிறது. எல்லா மாறிகளையும் சேர்த்துச் சமன்பாடு அமைத்தால் உயரத்தின் கெழு, அதாவது சமன்பாட்டில் உயரத்தைப் பெருக்கும் எண், எதிர்க்குறியோடு வருகிறது. உயரமான செடி குறைவாக விளையும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? மேலும், உண்மையிலேயே முன்கூட்டிச் சொல்வதென்றால் எந்தப் பண்பை, விதைத்த எத்தனையாவது நாளில் அளக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செம்புலம் எழுதியது:

எண்ணெய்வித்துப் பயிர்ப்பெருக்கத்தில் நெடுங்காலம் பணிசெய்து ஓய்வு பெற்றவன் நான். தங்கள் கேள்வி நல்ல கேள்வி. தோற்ற சமன்பாட்டை மறைக்காமல் பொதுவில் வைத்ததற்கு முதலில் என் பாராட்டு.

அந்த 0.93 என்ற எண்ணிலிருந்து தொடங்குவோம். ஒரு செடியின் விளைச்சல் என்பது, அதில் உள்ள காய்களின் எண்ணிக்கையை ஒரு காயிலுள்ள விதைகளின் எண்ணிக்கையாலும், அதை ஒரு விதையின் எடையாலும் பெருக்கி வருவது. இந்த மூன்றையும் அறுவடை நாளில் எண்ணி, அதே நாளில் நிறுத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் தொடர்பு மிக உயர்வாக வந்தே தீரும், ஏனென்றால் விளைச்சலை அதன் உறுப்புகளாகப் பிரித்து மீண்டும் கூட்டியிருக்கிறீர்கள். 0.93 வந்ததைவிட, எஞ்சிய 0.07 எங்கே போயிற்று என்று கேட்பதுதான் இங்கே பொருத்தம். பெருக்கலைக் கூட்டலாக எழுதியதும், காயின் உச்சியில் நிறையாத விதைகளும் அதில் பெரும்பகுதியை விளக்கிவிடும். மடக்கை எடுத்துச் சமன்பாடு அமைத்துப் பாருங்கள், ஆர்-ஸ்கொயர் இன்னும் ஏறும். ஆனால் அந்த ஏற்றத்தால் அடுத்த ஆண்டின் வயலைப் பற்றி நமக்கு எதுவும் கூடுதலாகத் தெரிந்துவிடாது. அறுவடை நாளில் அளந்தது விளைச்சலின் கணக்கு. முன்கணிப்பு என்று சொல்ல வேண்டுமானால், அளவீட்டு நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையில் சில வாரங்களாவது இருக்க வேண்டும்.

இரண்டாவது, உயரத்தின் எதிர்க்குறி. உயரமும் காய் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று பிணைந்து ஏறி இறங்குகிறவை. உயரமான செடியில் கணுக்கள் அதிகம், கணு அதிகமானால் காய் அதிகம். இப்படிப் பிணைந்த இரண்டு மாறிகளை ஒரே சமன்பாட்டில் வைத்தால், ஒன்று மற்றொன்றின் பங்கை எடுத்துக்கொள்ளும், எஞ்சியதன் குறி தரவு சற்றே மாறினாலும் புரண்டுவிடும். இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டுவதற்காகவே மரபியலாளர் சீவால் ரைட் 1921-இல், ஒட்டுறவை நேரடி விளைவாகவும் மறைமுக விளைவாகவும் பிரிக்கும் பாதைக் கெழு முறையை விரித்து எழுதினார். டூயி, லூ என்ற இருவரும் 1959-இல் ஒரு புல்வகையின் விதை விளைச்சலுக்கு அதைப் பயன்படுத்திக் காட்டிய பிறகு, பயிர்ப்பெருக்கத்தில் அது அன்றாடக் கருவியாகிவிட்டது.

புரிதலுக்காக நானே கற்பித்த எண்களைக் கொண்டு ஒரு கணக்குச் சொல்கிறேன். உயரத்துக்கும் விளைச்சலுக்கும் ஒட்டுறவு 0.60 என்று கொள்ளுங்கள். உயரத்துக்கும் காய் எண்ணிக்கைக்கும் 0.70. காய் எண்ணிக்கை விளைச்சலின்மேல் செலுத்தும் நேரடி விளைவு 0.80. அப்படியானால் உயரம் காய்களின் வழியாகச் செலுத்தும் மறைமுக விளைவு 0.70-ஐ 0.80-ஆல் பெருக்கி வரும் 0.56. எஞ்சும் நேரடி விளைவு வெறும் 0.04. அதாவது உயரம் தானாக எள்ளைத் தருவதில்லை. காய்கள் உட்கார இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். இந்த 0.04 வேறொரு வயலில் எதிர் 0.05 ஆகலாம். அதற்காக உயரம் கேடு செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். ஒரே எண்ணிக்கைக் காயுள்ள இரண்டு செடிகளில் உயரமானது கணுவிடை நீண்ட, நெருக்கத்தில் ஒளி தேடி வளர்ந்த செடியாக இருக்கக்கூடும் என்பது மட்டுமே அந்தக் குறியிலிருந்து நேர்மையாக ஊகிக்கத்தக்கது.

எள்ளில் செய்யப்பட்ட பாதைப் பகுப்பாய்வுகள் மிகப் பலவற்றில் செடிக்கு எத்தனை காய் என்பதே முதலிடம் பெறுகிறது. கிளை எண்ணிக்கை பெரும்பாலும் காய்களின் வழியாகத்தான் வேலை செய்கிறது. கிளைவிடாமல் ஒற்றைத் தண்டாக வளரும் வகைகளில் அந்த மாறிக்கே இடமில்லை. அங்கே ஒரு கணுக்கக்கத்தில் ஒரு காயா, மூன்று காயா என்பது முடிவு செய்யும். ஆகவே ஒரு ரகத்தில் அமைத்த சமன்பாட்டை இன்னொரு ரகத்துக்கு மாற்றாதீர்கள். திண்டிவனத்திலிருந்து வந்த டி.எம்.வி. வரிசைக்கும், விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. வரிசைக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரின் வெள்ளை எள்ளான எஸ்.வி.பி.ஆர்.1-க்கும் செடியின் கட்டமைப்பு ஒன்றாக இருக்காது. தங்கள் மாமா எந்த ரகம் விதைத்தார், தாங்கள் அளந்த மூன்று வயல்களில் எந்த ரகம் என்பதைத் தாங்கள் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதைப் பகுப்பாய்வு எங்களைப் போன்ற பயிர்ப்பெருக்கம் செய்கிறவர்களுக்கு உருவான கருவி. எந்தப் பண்பைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த தலைமுறை மேம்படும் என்ற கேள்விக்கு அது விடை தரும். ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற கேள்விக்கு அது விடை தராது, ஏனென்றால் அதற்குள் வயலே கிடையாது; தனித்தனிச் செடிகள் மட்டுமே உண்டு. தங்கள் 445 கிலோ 210 ஆனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சதுர மீட்டருக்கு 11 செடி என்பது 30-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் இருக்க வேண்டிய எண்ணிக்கை. மாமாவின் வயலில் அத்தனை செடி நின்றனவா என்று எண்ணினீர்களா?

மணிமுத்தாறு எழுதியது:

நான் விருத்தாசலம் வட்டாரத்தில் மாசிப்பட்டத்தில் எள் விதைக்கிறவன். புள்ளியியல் எனக்குத் தெரியாது, ஆனால் மேலே ஐயா கடைசியில் கேட்ட கேள்விதான் என் மனத்திலும் எழுந்தது.

எள்ளுக்கு ஏழு உழவு என்று பழமொழியே இருக்கிறது. அத்தனை சிறிய விதை கட்டி மண்ணில் முளைக்காது. ஏக்கருக்கு 2 கிலோ விதையை நான்கு பங்கு மணலோடு கலந்து தூவினாலும், ஓர் இடத்தில் கற்றையாக முளைக்கும், இன்னோர் இடத்தில் முறம் அளவுக்கு வெற்றிடம் கிடக்கும். 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்டால் கற்றை சரியாகும், வெற்றிடம் சரியாகாது. நெல் தரிசில் தாள்கட்டைக்கு நடுவே தூவுகிற உங்கள் பக்கத்தில் இது இன்னும் கூடுதலாக இருக்கும் என்றே நினைக்கிறேன். கலைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன், அம்மா. செடி மார்பளவு உயர்ந்து நிற்கும், தொலைவிலிருந்து பார்க்கிறவர் பயிர் அருமை என்பார். கிட்டே போனால் முதல் காய் முழங்காலுக்கு மேலேதான் தொடங்கியிருக்கும், கிளையே இருக்காது.

அதனால் நான் வயலில் இறங்கியதும் பார்ப்பது செடியின் உயரத்தை அன்று. தரையிலிருந்து முதல் காய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும், கணுவுக்குக் கணு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதையும்தான். முதல் காய் தாழ்ந்து, கணு நெருங்கி, இரண்டு மூன்று கிளை அடியிலேயே பிரிந்திருந்தால் அந்தச் செடி இடுப்பளவே இருந்தாலும் மூட்டையை நிரப்பும். உங்கள் அளவீட்டுப் பட்டியலில் உயரம் இருக்கிறது, முதல் காயின் உயரம் இல்லை. ஒரு அடிக்கோலால் இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்துவிடலாமே. உயரத்திலிருந்து அதைக் கழித்தால் காய் பிடித்த நீளம் கிடைக்கும்.

இன்னொன்று, செடியில் இருக்கும் எள் எல்லாம் மூட்டைக்கு வருவதில்லை. எள்ளுக்காய் அடியிலிருந்து முற்றிக்கொண்டு போகும். உச்சியில் பூ இருக்கும்போதே அடிக்காய் வெடிக்கத் தொடங்கிவிடும். இரண்டு நாள் தாமதித்துப் பிடுங்கினால் அடிக்காயின் எள் தரையில் கிடக்கும், அதுதான் கனமான எள். முன்னதாகப் பிடுங்கினால் மேற்காய் பதராகும். பிடுங்கிய செடியை வட்டமாகப் போர் போட்டு, வைக்கோலால் மூடி, இலை உதிர்ந்தபின் களத்தில் பரப்பித் தட்டும்போதும் இழப்பு உண்டு. நீங்கள் செடிக்குச் செடி பையில் போட்டு நிறுத்திருப்பீர்கள். உங்கள் மாமா போர் போட்டுத் தட்டியிருப்பார். இரண்டும் ஒன்றாகுமா?

ஓடம்போக்கி எழுதியது:

இருவருக்கும் என் நன்றி. இவற்றைப் படித்ததும் பழைய களக்குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மாமாவின் வயலில் நான் செடிகளை எண்ணவே இல்லை. 11 என்பதைப் பரிந்துரைக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வயலில் 40-ஆம் நாள் கைப்பேசியில் எடுத்த படங்கள் இருந்தன. வரப்பின் நீளத்தை அளவாகக் கொண்டு படத்தில் எண்ணிப் பார்த்ததில், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 செடிதான் இருந்திருக்கிறது. 445-ஐ 11-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 283 கிலோ வருகிறது. பிழையில் பெரும்பகுதி இதிலேயே போய்விட்டது. இரண்டு இடங்களிலும் ரகம் ஒன்றேதான். மாமா எங்களிடமிருந்தே விதை வாங்கினார்.

எஞ்சிய 73 கிலோவுக்கு மணிமுத்தாறு ஐயா சொன்ன இழப்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டை கட்டும்போது நோயுற்ற செடிகளை நான் தவிர்த்துவிட்டேன். பூக்கள் எல்லாம் பச்சை இலைகளாக மாறிப்போன செடிகள் ஆங்காங்கே இருந்தன. காய் இல்லாத செடியில் எதை அளப்பது என்று விட்டுவிட்டேன். இது தவறா? அவற்றைச் சேர்த்தால் சமன்பாடே குலைந்துவிடாதா?

கணக்கும் களமும் எழுதியது:

பயிர் விளைச்சல் மதிப்பீட்டில் மாதிரி எடுப்பது என் தொழில். தங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் இந்த இழையின் சாரம் இருக்கிறது.

நோயுற்ற செடிகளைத் தவிர்த்தது தவறு. தாங்கள் சொல்வது தத்துப்பூச்சியால் பரவும் பச்சைப்பூ நோய். அந்த நோய் கண்ட செடி பெரும்பாலும் பட்டுப்போகாது. பசுமையாக, அடர்ந்து, சிறு கிளைகள் மண்டி நிற்கும், பக்கத்துச் செடிகள் இலையுதிர்த்த பிறகும் பச்சை மாறாது. அதன் விளைச்சல் ஏறத்தாழ சுழியம். உயரம், கிளை எண்ணிக்கை, இலைப்பரப்பு, பசுமை என்று எந்த வளர்ச்சிப் பண்பை வைத்துப் பார்த்தாலும் சமன்பாடு அதற்கு நல்ல விளைச்சலையே கணிக்கும். இன்று டிரோன் படத்திலிருந்து பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டு எள் விளைச்சலைச் சொல்ல முயல்கிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். ஆகவே அந்தச் செடிகளை விடவும் கூடாது, நல்ல செடிகளோடு சேர்த்து ஒரே கோட்டில் பொருத்தவும் கூடாது. சதுர மீட்டருக்கு எத்தனை செடி நிற்கிறது என்பது ஒரு எண். அவற்றில் காய்க்கும் செடி எத்தனை என்பது இன்னொரு எண். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சமன்பாட்டைக் காய்க்கும் செடிகளுக்கு அமைத்து, பிறகு காய்க்கும் செடிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வேரழுகலில் காய்ந்துபோன செடிகளுக்கும் இதே விதி.

அடுத்தது, அட்டை கட்டிய விதம். 120 செடிகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதவில்லை. கண்ணால் பார்த்துச் சராசரியான செடி என்று எடுத்திருந்தால், அது சராசரிக்கு மேலான செடியாகத்தான் இருக்கும். முப்பதாண்டுகளாக இதைச் செய்கிறவர்களுக்கும் கை அப்படித்தான் போகும். வெற்றிடத்தின் ஓரத்தில் நிற்கும் செடி இடம் கிடைத்த மகிழ்ச்சியில் கிளைவிட்டுக் காய்த்துக் குலுங்கும், நம் கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் அந்த ஒரு செடி கூடுதலாகத் தருவது, பக்கத்தில் முளைக்காமல் போன இரண்டு செடிகளை ஈடு செய்வதில்லை. செடியைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். வயலின் நீள அகலத்தில் இத்தனை அடி என்று சீட்டு எடுத்து, அந்த இடத்தில் சட்டத்தை, அதாவது பரப்பைக் குறிக்கும் சதுரச் சுற்றை, வைத்து, அதற்குள் விழும் அனைத்தையும் அளப்பதே சரி. வெற்றிடத்தில் சட்டம் விழுந்தால் சுழியம் என்று எழுத வேண்டும். நகர்த்தி வைக்கக் கூடாது.

சட்டத்தின் அளவிலும் எச்சரிக்கை தேவை. 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணல் பயிருக்குப் புள்ளியியலாளர் மகலனோபிசு மாதிரிக் கணக்கெடுப்பை வளர்த்தபோது, சிறிய சட்டங்களுக்குள் மட்டும் பயிரை வெட்டி அளக்கும் முறையைப் பயன்படுத்தினார். 1940-களில் இன்னொரு புள்ளியியலாளரான சுகாத்மே அதை ஆராய்ந்து, மிகச் சிறிய சட்டங்கள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டுகின்றன என்று நிறுவினார். காரணம் எளிது. விளிம்பில் நிற்கும் செடியை உள்ளே சேர்க்கத்தான் மனிதர் மனம் விரும்பும், சட்டம் சிறிதாக ஆக அதன் பரப்போடு ஒப்பிட விளிம்பு பெரிதாகும். எள்ளுக்கு ஒரு மீட்டர் சட்டத்தில் பத்துச் செடிதான் இருக்கும் என்பதால் ஒரு செடி கூடினாலே பத்து விழுக்காடு பிழை. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கயிற்றுச் சட்டம் வைத்து, இரண்டு பக்க விளிம்பில் நிற்கும் செடியை உள்ளேயும் எதிர் இரண்டு பக்கங்களில் நிற்பதை வெளியேயும் என்று முன்கூட்டியே விதி செய்துகொள்ளுங்கள்.

எத்தனை செடிகளில் காய் எண்ணுவது என்ற கேள்விக்கு வருவோம். எள்ளில் செடிக்குச் செடி காய் எண்ணிக்கை மிகவும் மாறும். அந்த மாறுபாட்டுக் கெழு, அதாவது சராசரியோடு ஒப்பிட்ட சிதறல், 50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 10 செடிகளின் சராசரியில் ஏறத்தாழ 16 விழுக்காடு திட்டப்பிழை, அதாவது மாதிரி எடுப்பதால் வரும் பிழை, இருக்கும். 40 செடிகள் எண்ணினால் 8 விழுக்காடாகக் குறையும். இது ஏன் முக்கியம் என்றால், இறுதி மதிப்பீடு நான்கு எண்களின் பெருக்கல், அவற்றின் பிழைகள் ஒன்றையொன்று சாராதபோது பிழை விழுக்காடுகளின் வர்க்கங்கள் கூடும். செடி எண்ணிக்கையில் 10, காய் எண்ணிக்கையில் 15, காய்க்கு விதையில் 8, விதை எடையில் 4 விழுக்காடு பிழை இருந்தால், மொத்தப் பிழை 20 விழுக்காடு. இந்த நிலையில் விதை எடையை இன்னும் துல்லியமாக நிறுக்க மில்லிகிராம் தராசு தேடி அலைவதால் ஒன்றும் குறையாது. அதை அறவே பிழையின்றி நிறுத்தாலும் 20 என்பது 19.7 ஆகும். அதே உழைப்பைக் காய் எண்ணுவதில் செலவிட்டு 15-ஐ 8 ஆக்கினால் மொத்தப் பிழை 16-க்கும் கீழே வந்துவிடும். ஆய்வகத்தில் உட்கார்ந்து செய்யும் அளவீடுகளில் நாம் காட்டும் பரிவை, வெயிலில் நின்று எண்ண வேண்டிய எண்களில் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

எந்த நாளில் அளப்பது என்பதற்கு என் பரிந்துரை, ஒரே சமன்பாட்டுக்குப் பதில் மூன்று கட்டங்களாக மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டு போவது. 30-ஆம் நாள் கலைப்பு முடிந்ததும் செடி எண்ணிக்கை உறுதியாகிவிடும். அன்று அதை மட்டும் எண்ணி, இதே வயலின் முந்தைய ஆண்டுகளின் செடிக்கு இத்தனை கிராம் என்ற சராசரியால் பெருக்குங்கள். அகலமான ஒரு வரம்புதான் கிடைக்கும், ஆனாலும் 445 என்று நினைத்திருந்ததை அன்றே 300-க்குக் கீழே கொண்டுவந்திருக்கும். 45 முதல் 50 நாளில் கிளை எண்ணிக்கை, முதல் பூவின் உயரம், பூவோ பிஞ்சோ உள்ள கணுக்கள் ஆகியவற்றை எண்ணுங்கள். உண்மையான முன்கணிப்புச் சமன்பாடு இந்தக் கட்டத்துக்குத்தான் தேவை, தங்கள் ஆய்வேட்டின் மதிப்பும் இங்கேதான். 65 நாளை ஒட்டி, காய்களையே எண்ணுங்கள். இந்தக் கட்டத்தில் உயரமும் கிளையும் கூடுதலாக எதையும் சொல்லாது, ஏனென்றால் அவை சொல்ல வேண்டியதைக் காய்களே சொல்லிவிடும். செம்புலம் ஐயா காட்டிய 0.04 அதுதான்.

காய்க்கு எத்தனை விதை, விதை எடை ஆகியவற்றை ஆண்டுதோறும் எல்லாச் செடிகளிலும் அளக்கத் தேவையில்லை. காய்க்கு ஏறத்தாழ 50 முதல் 80 விதை, ஆயிரம் விதைக்கு 2.5 முதல் 3.5 கிராம் என்பது பொதுவான வரம்பு, ஒரு ரகத்துக்குள் இவை காய் எண்ணிக்கை அளவுக்கு அலைவதில்லை. ஆனால் செடியின் அடி, நடு, நுனி என்ற மூன்று பகுதிகளிலிருந்தும் காய் எடுத்து, அந்தந்தப் பகுதியில் எத்தனை காய் இருக்கிறதோ அந்த விகிதத்தில் சராசரி காண வேண்டும். அடிக்காயை மட்டும் உடைத்து எண்ணினால் மீண்டும் மிகைமதிப்பீடுதான்.

கடைசியாக, சோதிக்கும் முறை. மூன்று வயல்களின் 120 செடிகளையும் ஒன்றாகக் கலந்து, சிலவற்றை எடுத்து வைத்துச் சோதித்தால், சமன்பாடு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரே வயலின் செடிகள் ஒரே மண்ணையும் ஒரே ஈரத்தையும் பகிர்ந்துகொண்டவை. ஒரு வயலை முழுவதுமாக வெளியே வைத்து, மற்ற இரண்டில் சமன்பாடு அமைத்து, வெளியே வைத்த வயலைக் கணித்துப் பாருங்கள். அதில் வரும் பிழையே தங்கள் மாமாவிடம் சொல்லத்தக்க பிழை. அதோடு, எந்த அளவீடும் இல்லாமல் கடந்த ஆண்டுகளின் சராசரியையே இந்த ஆண்டுக்கும் சொன்னால் எவ்வளவு பிழை வரும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சமன்பாடு அதைவிடக் குறைந்த பிழை தராவிட்டால் அதற்குப் பயனில்லை. நரம்பு வலையமைப்பு போன்ற கணினி முறைகளை இந்தக் கட்டத்தில் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று வயல்களின் தரவில் அவை மனப்பாடம் செய்யுமே தவிரக் கற்காது.

செம்புலம் எழுதியது:

நண்பர் எழுதியதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். செடியில் விளைந்ததையும் மூட்டைக்கு வந்ததையும் ஒரே பெயரால் அழைக்காதீர்கள். முன்னதைச் செடி விளைச்சல் என்றும், பின்னதைக் கள விளைச்சல் என்றும் ஆய்வேடு முழுவதும் பிரித்தே எழுதுங்கள். காய் வெடித்துச் சிதறுவது எள்ளின் தீராத குறை. காய் வெடிக்காத செடி ஒன்றை எள் ஆய்வாளர் லாங்கம் 1943-இல் வெனிசுலாவில் கண்டெடுத்தபோது இந்தக் குறை தீர்ந்தது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அந்தக் காயிலிருந்து விதையைப் பிரித்தெடுப்பதே பெரும் பாடாயிற்று, வேண்டாத வேறு பண்புகளும் கூடவே வந்தன. ஆகவே நம் வயல்களில் இன்றும் காய் வெடிக்கிறது, இழப்பும் தொடர்கிறது. எந்த வளர்ச்சிப் பண்பும் அந்த இழப்பை முன்கூட்டிச் சொல்லாது. அதை ஆண்டுதோறும் களத்தில் அளந்து, ஒரு தனி விகிதமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓடம்போக்கி எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. செடிகளை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டிருந்தீர்கள். வரப்பிலிருந்து நாலைந்து அடி உள்ளே, நடந்து போக வசதியான இடங்களில் எடுத்தேன் என்பதே உண்மை. வரப்போரத்துச் செடிக்கு ஒளியும் காற்றும் கூடுதல் என்பது இப்போது உறைக்கிறது.

வரும் தைப்பட்டத்தில் மாமாவின் வயலையும் சேர்த்து நான்கு வயல்களில், வயலுக்கு எட்டு இடங்களில் சீட்டு எடுத்து இரண்டு மீட்டர் சட்டம் வைக்கப் போகிறேன். கலைப்புக்குப் பிறகு நான்கு மூலைகளிலும் முளை அடித்துவிட்டால், 30, 48, 65 ஆகிய நாள்களில் அதே செடிகளை மீண்டும் பார்க்கலாம். முதல் காயின் உயரத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். மாமாவிடம் இந்த முறை ஒரே எண்ணைச் சொல்லாமல், இதிலிருந்து இது வரை என்று சொல்வதாக வாக்களித்திருக்கிறேன். அவர் முளை அடிக்கத் தாமே வருவதாகச் சொன்னார்.

ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. சட்டத்துக்குள் இருக்கும் செடிகளை எந்த நாளில் பிடுங்குவது? நான் முன்கூட்டிப் பிடுங்கினால் மேற்காய் நிறையாது. மாமா பிடுங்கும் நாள் வரை காத்திருந்தால் அடிக்காய் வெடித்திருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

மணிமுத்தாறு எழுதியது:

நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், அம்மா, செடியைப் பாருங்கள். அடியில் கால்பங்கு இலை உதிர்ந்து, மேலிலை பச்சை வெளுத்து, தண்டும் நடுப்பகுதி வரையுள்ள காய்களும் மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறகு அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். கறுப்பு எள் என்றால் விதை கறுத்திருக்கும். அப்படியானால் அன்றே பிடுங்கலாம். வெள்ளை எள்ளுக்கு இந்த நிறக்கணக்கு உதவாது; இலையையும் தண்டையும்தான் நம்ப வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன், பனி ஈரம் இருக்கும்போதே பிடுங்கினால் காய் வெடிக்காது. சட்டத்துக்கு ஒரு துணிப்பை வைத்து, செடியைத் தலைகீழாகப் பையில் இறக்கி வாயைக் கட்டிய பிறகே தோளில் தூக்குங்கள். மாமாவும் அதே காலையில் பிடுங்கட்டும். அவர் போர் பிரித்துத் தட்டி முடிக்கும் நாளில் உங்கள் பைகளையும் அதே களத்தில் தட்டி நிறுத்தால், உங்கள் எடைக்கும் அவர் எடைக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும்.